பன்னிரண்டுக்குப் பதினைந்து: கே.டி.சி. நகர் மாடியில் ஒரு வேர்ச்சிக்கல்

சித்திரை முதல் வாரத்தில் மதினி போன் பண்ணினார். “தம்பி, செடிக்குக் காலையில தண்ணி ஊத்துதேன், பத்து மணிக்கெல்லாம் தலையத் தொங்கப் போட்டுருது. சாயங்காலம் ஊத்தினா நிமிர்ந்துருது. மறுநாளும் அதே கதை. என்ன சீக்குன்னு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்.”

மதினி செடிக்குப் புதுசு இல்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கத்திரி, வெண்டை, அவரைப் பந்தல் என்று வருஷம் முழுக்கக் காய் பறித்தவர், கூட்டாஞ்சோறுக்குக் கடையில் கத்திரிக்காய் வாங்கியதே இல்லை என்று பெருமை பேசுவார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வந்து அந்தத் துண்டு நிலத்தை வழித்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் கே.டி.சி. நகரில் மாடி வீட்டுக்கு வந்தார்கள். தரை இல்லை, மொட்டை மாடிதான். 2025 தையில் விதை போட்டு, மாசி கடைசியில் பைக்கு மாற்றினார். ஐந்து கத்திரி, ஐந்து மிளகாய், நாலு தக்காளி. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி கறுப்புப் பை. இது போக மிச்சமிருந்த இரண்டு கத்திரி நாற்றைப் பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு மாடிப்படி ஓரமாக வைத்திருந்தார். இந்த இரண்டு வாளிதான் கடைசியில் வழக்கைத் தீர்த்து வைத்தது, ஆனால் முதல் நாள் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் போனபோது மணி பதினொன்று. மாடியில் கால் வைக்க முடியவில்லை. பதினான்கு பையும் மேற்குப் பார்த்த கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றன, எல்லாமே இலையைத் தொங்கவிட்டுக்கொண்டு. கத்திரியில் அடி இலைகள் மஞ்சள், நுனி இலைகள் சின்னச் சின்னதாக, இலை ஓரம் சிலவற்றில் கருகல். தக்காளியில் பூ உதிர்ந்து கிடந்தது, காய்த்திருந்த ஏழெட்டுக் காயில் பாதிக்குமேல் அடிப்பக்கம் கறுத்து அமுங்கியிருந்தது. மிளகாய் மட்டும் கொஞ்சம் தேவலை.

என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டேன். பட்டியல் நீண்டது. மண்புழு உரம், அப்புறம் மீன் அமிலம், அப்புறம் வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், தக்காளி அடி கறுத்ததும் யாரோ சொன்னார்கள் என்று முட்டை ஓட்டுத் தூள், அதற்கும் கேட்கவில்லை என்றதும் பத்தொன்பது-பத்தொன்பது-பத்தொன்பது என்கிற ரசாயன உரத்தைக் கரைத்து வாரம் இரண்டு தடவை. செடி வாடினால் நம் ஊரில் யாருக்குமே முதலில் தோன்றுவது சாப்பாடு பத்தவில்லை என்பதுதான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கத்திரி, தக்காளி, மத்தியான வாட்டம், அடி இலை மஞ்சள் என்றதும் என் மனசு நேராக, வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கிற நூற்புழுவுக்குப் போனது. பாக்டீரியா வாடலாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு மட்டும் ஒரு சோதனை செய்தேன். ஒரு பக்கத் தண்டை வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்ச நேரம் பிடித்தால், அந்த நோய் இருந்தால் பால் மாதிரி வெள்ளையாக நூல்போல இறங்கும். எதுவும் இறங்கவில்லை. சரி, அப்படியானால் நூற்புழுதான் என்று முடிவுகட்டி, ஒவ்வொரு பைக்கும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போடச் சொன்னேன். கூடவே, “மதினி, நீங்க தண்ணி ஜாஸ்தியா ஊத்துதீங்க, ஒரு வேளையா குறைங்க” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு, கொடுத்த பதநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வேரை எடுத்துப் பார்க்காமல் வேருக்கு வைத்தியம்.

ஐந்தாம் நாள் மறுபடி போன். குரலில் கோபம். “நீ சொன்னபடி ஒரு வேளை ஊத்தினேன்லா, இப்ப சாயங்காலமும் எந்திரிக்க மாட்டேங்குது.” இரண்டு தக்காளியில் மிச்சமிருந்த பூவும் கொட்டிவிட்டது.

இந்தத் தடவை அதிகாலை ஆறரைக்கே போனேன், வாட்டம் தெரியாத நேரத்தில் செடி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காக. படி ஏறும்போதுதான் அந்த இரண்டு பெயிண்ட் வாளி கண்ணில் பட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை, தண்டு என் சுண்டுவிரலைவிடத் தடிமன். காய் தொங்குகிறது. அதே விதை, அதே நாளில் முளைத்தது, அதே மண்கலவை, அதே போர்த் தண்ணீர், மதினி அதற்கு உரம்கூடச் சரியாகப் போடவில்லை, “அது ஓரமா கிடக்கு, மறந்து போயிருவேன்” என்றார். அதுவரை எத்தனை காய் பறித்தீர்கள் என்று கேட்டால், அந்த இரண்டு செடியில் மட்டும் பதினொன்று, பையில் இருந்த ஐந்து கத்திரியிலும் சேர்த்து நாலு.

அதாவது விதையில் கோளாறு இல்லை, தண்ணீர் உப்பு என்றால் இரண்டும் கெட்டிருக்க வேண்டும், மண்ணில் நூற்புழு இருந்தாலும் அப்படியே. படி ஓரத்தில் வெயில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் வித்தியாசம் அந்த அளவு வெயிலால் வரக்கூடியது இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், செடி நிற்கிற பாத்திரம்.

ஒரு லிட்டர் குவளையில் தண்ணீர் எடுத்து மெதுவாக வாளியில் ஊற்றினேன். மேலே குளம் கட்டி நின்று, மெல்ல இறங்கி, ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து அடியில் சொட்டியது. அதே ஒரு லிட்டரைப் பையில் ஊற்றினேன். ஊற்றி முடிப்பதற்குள் அடியில் ஓடி வந்துவிட்டது, பாதிக்கு மேல் அப்படியே வெளியே. மதினி அதைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் “அடிவரைக்கும் நனைஞ்சிட்டு” என்று நம்பியிருக்கிறார். பையைத் தூக்கிப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீர் ஊற்றிய பிறகும் லேசாக இருந்தது. வெளிப்பக்கம் அமுக்கினால் மண் அமுங்கவில்லை, கட்டைபோல இருந்தது, சில இடங்களில் பை புடைத்திருந்தது. அடி ஓட்டைகளில் வேர் எட்டிப் பார்த்தது. இதில் ஒரு எச்சரிக்கை, ஓட்டை வழியாக ஒன்றிரண்டு வேர் வருவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது, நல்ல செடியிலும் அது வரும். ஊற்றியது நிற்காமல் ஓடுவதும், பை லேசாக இருப்பதும், கட்டையாக இருப்பதும் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் உறுதி.

“மதினி, ஒரு பையைக் கிழிக்கணும்.”

“கிழி. எப்படியும் சாகத்தானே போவுது.”

நெடுக்காக பிளேடு போட்டுப் பையை உரித்தேன். மண் ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. பை எந்த வடிவமோ அதே வடிவத்தில், வார்ப்பில் ஊற்றி எடுத்ததுபோல ஒரு வேர்க்கட்டி நின்றது. பக்கமெல்லாம் வெளுத்த வேர் பின்னிப் பின்னி, அடியில் சுற்றிச் சுற்றிச் சும்மாடு மாதிரி ஒரு வளையம். மேற்குப் பக்கம் மட்டும் வேர் வெளுப்பாக இல்லை, பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. கறுப்புப் பை, சித்திரை வெயில், கீழே கான்கிரீட், அந்தப் பக்கத்து வேர்நுனிகள் வெந்துவிட்டன. கட்டியின் நடுவே விரலை விட்டேன், விரல் போகவில்லை. கத்தியால் குத்திப் பிளந்தால் நடுவில் பொடிபோல உலர்ந்த மண். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிய பை அது. கலவையில் இருக்கிற தேங்காய் நார்க்கழிவு ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீரை ஏற்காது, பைக்கும் கட்டிக்கும் நடுவே விழுந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். முடிச்சு முடிச்சான வேர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நூற்புழு என்று நான் சொன்னது வெறும் ஊகம். அழுகல் நாற்றமும் இல்லை. தண்ணீர் தேங்கிச் சாகிற செடியின் வேர் பழுப்பாகக் குழகுழவென்று இருக்கும், இழுத்தால் மேல்தோல் கழன்று வரும், பை கனமாக இருக்கும். இங்கே எல்லாமே நேர் எதிர்.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. இது பன்னிரண்டு அங்குல அகலம், பதினைந்து அங்குல உயரம் என்று விற்கிற பை, கத்திரிக்குத் தாராளமாகப் போதும் என்று நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மாசிக் கடைசியில் நட்ட செடி சித்திரைக்குள் அதை நிரப்பிவிடுமா? டேப் கொண்டு வரச்சொல்லி அளந்தேன். வேர்க்கட்டியின் குறுக்களவு ஏழரை அங்குலம்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பன்னிரண்டு என்பது பையைத் தரையில் மட்டமாக, காலியாகப் போட்டு அளந்த அகலம். நாற்றுப் பண்ணைக் கவர்களுக்கு அப்படித்தான் அளவு சொல்வது வழக்கம். மட்டமாகப் பன்னிரண்டு என்றால் சுற்றளவு இருபத்துநான்கு, மண் நிரப்பி உருண்டையானதும் குறுக்களவு இருபத்துநான்கை 3.14 ஆல் வகுத்தது, ஏழரைக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் வட்ட அடி வைத்துத் தைத்த பச்சை நிறப் பைகளில் பன்னிரண்டு என்று போட்டிருந்தால் அது விரித்த பிறகுள்ள குறுக்களவு. இரண்டுக்கும் கடையில் ஒரே மாதிரி “டொல்வ்” என்றுதான் சொல்கிறார்கள். மதினி கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று, கேள்வியிலும் பதிலிலும் பொய் இல்லை.

கணக்குப் போட்டால் வயிறு கலங்கும். பன்னிரண்டு அங்குலக் குறுக்களவும் பதினைந்து உயரமும் இருந்தால் சுமார் 28 லிட்டர் கொள்ளும். ஏழரைக் குறுக்களவுக்கு 11 லிட்டர். அதிலும் அடி மடிப்பில் இரண்டு அங்குலம் போகும், தண்ணீர் நிற்க மேலே ஒன்றரை அங்குலம் விட வேண்டும், மிஞ்சியது எட்டரை லிட்டர். ஒரு பெயிண்ட் வாளி இருபது லிட்டர், விளிம்புக்குக் கீழே நிரப்பினாலும் பதினேழு. ஆக ஓரமாகக் கிடந்த வாளிச் செடிக்குப் பைச் செடியைவிட இரண்டு பங்கு இடம்.

எட்டரை லிட்டர் கலவையில் புதுசாக இருக்கும்போது செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் இரண்டு, இரண்டரை லிட்டர் நிற்கலாம். வேர் பெருகப் பெருக மண்ணின் இடுக்குகளை வேரே அடைத்துக்கொள்கிறது, நிற்கிற தண்ணீர் இன்னும் குறையும். நன்றாக வளர்ந்த ஒரு தக்காளிச் செடி நம் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். காலையில் நிரப்பியது மத்தியானத்துக்குள் தீர்ந்துபோவது அதனால்தான். தக்காளி அடி கறுப்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேருவது தண்ணீரோடு சேர்ந்துதான், ஒரு வேளை வெள்ளம், ஒரு வேளை வறட்சி என்றால் மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் காயின் அடிக்குப் போய்ச் சேராது. முட்டை ஓடு மக்கி அதிலிருந்து சத்து வருவதற்குள் சீசனே முடிந்துவிடும். இலை ஓரம் கருகியது மதினியின் அன்பின் விலை. இத்தனை உரத்தையும் இத்தனூண்டு இடத்தில் போட்டால் உப்பு ஏறாமல் என்ன செய்யும், போர்த் தண்ணீர் வேறு ஏற்கெனவே உப்பு.

தண்ணீரும் சத்தும் தாராளமாகக் கொடுத்தாலும் இடம் குறைந்தால் வளர்ச்சி குறையும் என்பது செடி ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பழைய தலைவலி, தொட்டியில் சோதனை செய்தால் முடிவே கெட்டுவிடுகிறதே என்று. 2012இல் ஹென்ட்ரிக் பூர்ட்டர் என்பவரும் அவருடைய குழுவும் 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், தொட்டியின் கொள்ளளவு இரட்டிப்பானால் செடியின் மொத்த எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். அது சராசரி. மதினி மாடியில் வாளிக்கும் பைக்கும் இருந்த இடைவெளி அதைவிடப் பெரிது, வெயிலும் வாட்டமும் சேர்ந்து அடித்ததால் என்று நினைக்கிறேன்.

தரையில் வளர்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரிவதில்லை. வண்ணார்பேட்டை வண்டல் மண்ணில் கத்திரி வேர் போன இடம் மதினிக்குத் தெரியவே தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. பைக்குள் வேர் நேராகப் போய் சுவரில் முட்டும், முட்டியதும் நிற்காது, சுவரை ஒட்டியே திரும்பி வட்டம் போடும். நுனி உயிரோடு ஓடிக்கொண்டே இருக்கும்வரை பின்னால் பக்கவேர் குறைவாகத்தான் விடும், அதனால் நடு மண் சும்மா கிடக்க, ஓரத்தில் மட்டும் நெரிசல். துணிப் பையில் வேர்நுனி ஓரத்துக்கு வந்ததும் காற்றுப்பட்டு உலர்ந்துவிடும், நுனி போனால் பின்னால் கிளை வேர் வெடிக்கும், வட்டம் அடிக்காது. நல்ல விஷயம்தான், ஆனால் நம் ஊரில் ஆனி ஆடிக் காற்றில் துணிப் பை காய்கிற வேகத்துக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினால் முடிந்தது. வெளியூருக்கு அடிக்கடி போகிற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, என்ன வைத்தியம் பண்ணினோம்?

எல்லாச் செடிக்கும் ஒரே வைத்தியம் செய்யவில்லை. தக்காளிக்கு ஆயுள் இன்னும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோதான், காய் பிடித்த செடியின் வேரை அறுத்தால் மிச்சம் இருப்பதும் போகும். அதனால் வேரைத் தொடவே இல்லை. வட்ட அடிப் பச்சைப் பையில் முக்கால் உயரத்துக்குப் புதுக்கலவை நிரப்பி, தக்காளிப் பையின் அடியை மட்டும் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, செடியைப் பையோடு தூக்கி அதன்மேல் உட்கார வைத்து, சுற்றிலும் மண் அணைத்தோம். பத்து நாளில் கீழ்ப்பையில் விரலை விட்டுப் பார்த்தால் புது வெள்ளை வேர். நாலில் மூன்று நிமிர்ந்தது, அதன் பிறகு பிடித்த காய்களில் அடிக் கறுப்பு இல்லை. நாலாவது, பூ கொட்டிய செடிகளில் ஒன்று, சும்மா உயிரோடு இருந்தது.

மிளகாய்க்கு அவ்வளவு அவசரம் இல்லை. அதன் வேர்க்கட்டு சிறிசு, கட்டியின் பக்கவாட்டில் இரண்டு கீறல் போட்டு, பன்னிரண்டு அங்குல வட்டப் பைக்கு மாற்றியதோடு சரி.

கத்திரிக்குத்தான் பெரிய ஆபரேஷன். கத்திரி வருஷம் தாண்டியும் காய்க்கக்கூடிய செடி, கவாத்து பண்ணினால் தளிர்க்கும், அதனால் முயற்சிக்கு அர்த்தம் இருந்தது. கிழித்த செடி உட்பட நாலைச் செய்தோம், ஒன்றை அப்படியே விட்டோம், ஒப்பிட்டுப் பார்க்க. வெயில் இறங்கிய பிறகு ஐந்து மணிக்குமேல்தான் தொட்டோம். முதலில் கட்டியை அண்டாத் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிட்டோம், நடு மண் நனையாமல் வெட்டிப் பிரயோஜனம் இல்லை. பிறகு அடிச் சும்மாட்டை ரம்பப் பிளேடால் ஒரே அறுப்பில் எடுத்தோம். பக்கத்தில் நாலு திசையிலும் மேலிருந்து கீழாக ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறல். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வட்டமடிக்கிற வேரை அறுத்தால்தான் வெட்டிய இடத்திலிருந்து வெளிப்பக்கமாகப் புதுவேர் கிளம்பும். அப்படியே தூக்கிப் பெரிய பையில் வைத்தால் பழைய வட்டத்தையே தொடர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும், பெரிய பை வாங்கிய காசு தண்டம். வேர் போன அளவுக்கு மேலேயும் குறைக்க வேண்டும் என்பதால் கிளையில் மூன்றில் ஒரு பங்கு, பூ பிஞ்சு எல்லாம் எடுத்தோம். பதினைந்து அங்குல வட்டப் பை, செம்மண்ணும் கழுவிய நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு, பழைய மண்மட்டத்துக்குமேல் தண்டைப் புதைக்காமல். ஐந்து நாள் மதினியின் பழைய சேலை நிழல். உரம் மூன்று வாரத்துக்குக் கிடையாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நாலில் ஒன்று மூன்றாம் நாள் செத்தது. முதலில் கிழித்துக் கத்தியால் நடுவே பிளந்த அதே செடிதான், நோய் கண்டுபிடிக்க அறுத்ததே அதைக் கொன்றுவிட்டது. மற்ற மூன்றும் ஒரு வாரம் எந்த அசைவும் இல்லாமல் நின்றன. வைகாசியில் தளிர், ஆனியில் பூ, ஆடியில் காய். அப்படியே விட்ட செடிக்கு இரண்டு வேளைத் தண்ணீர் ஊற்றி, சாக்கைச் சுற்றி வெயில் மறைத்ததில் சாகவில்லை, முழங்கால் உயரத்திலேயே நின்று மாதம் ஒன்று இரண்டு காய் கொடுத்தது.

இதே சமயம் நான் செய்த இன்னொரு தப்பு. மதினியின் சொந்தக்காரர் புளியங்குடிப் பக்கம், அங்கிருந்து ஒரு எலுமிச்சைக் கன்று வந்து இரண்டு வருஷமாக அதன் சின்ன நாற்றுக் கவரிலேயே கிடந்தது. ஆறு அங்குலக் கவர், அதாவது குறுக்களவு நாலு அங்குலம்கூட இல்லை. கவரைக் கிழித்தால் ஆணிவேர் அடியில் முட்டி தூண்டில் முள்போல வளைந்து மேலே திரும்பியிருந்தது, ஒரு தடித்த வேர் தண்டின் கழுத்தைச் சுற்றியிருந்தது. காய்கறிச் செடியில் வேர் சுற்றினால் ஒரு சீசன் போகும், அவ்வளவுதான். மரத்தில் அந்தச் சுற்று அப்படியே தடித்துக்கொண்டே போய், சில வருஷம் கழித்துக் காய்க்கிற வயசில் கழுத்தை நெரிக்கும், அப்போது யாரும் நாற்றுக் கவரை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். வளைவையும் கழுத்துச் சுற்றையும் வெட்டினேன், அதுவரை சரி. அதன் பிறகு பை சின்னதாகப் போனதில் பட்ட கோபத்தில், 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அந்த நூறு லிட்டரில் கொண்டுபோய் இந்தக் குச்சியை நட்டேன்.

வேர் வெட்டுப்பட்ட சின்னக் கன்று நூறு லிட்டர் ஈரத்தை எப்படிக் குடிக்கும்? மேல்மண் காய்ந்து தெரியும், மதினி ஊற்றுவார், அடியில் சேறு. இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது. அதுவும் மஞ்சள்தான், இதுவும் மஞ்சள்தான், ஆனால் காரணம் தலைகீழ். பன்னிரண்டு அங்குலப் பையில் ஒரு வருஷம் வைத்து, வேர் ஓரத்தைத் தொட்டதும் அடுத்ததற்கு மாற்றியிருக்க வேண்டும், அதுவும் சித்திரையில் இல்லை, சாரல் விழுகிற ஆனி ஆடியிலோ ஐப்பசி மழைக்கு முன்போ. மறுபடி பிடுங்கினால் செத்துவிடும் என்பதால் டிரம்மைச் செங்கல் வைத்துத் தூக்கி, அடியில் இன்னும் நாலு ஓட்டை போட்டு, விரல் இரண்டு கணு ஆழம் காய்ந்தால் மட்டும் தண்ணீர் என்று வைத்தோம். இரண்டு மாதம் மொட்டையாக நின்றது.

இப்போது யாராவது என்ன சைஸ் பை வாங்க என்று கேட்டால் அங்குலத்தை விட்டுவிட்டு லிட்டரில் சொல்கிறேன். மிளகாய்க்கும் வெண்டைக்கும் 12 முதல் 15 லிட்டர், வெண்டையை நாற்று விட்டு மாற்றாமல் நேராகப் பையிலேயே ஊன்ற வேண்டும். கத்திரி தக்காளிக்கு 20க்குக் குறையாமல், 25 இருந்தால் சித்திரையில் நிம்மதியாகத் தூங்கலாம். சுரை, புடல், பீர்க்குக்கு 40. கறிவேப்பிலைக்கும் நாளடைவில் அதே 40. எலுமிச்சை படிப்படியாக 75 வரை. கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலத் தட்டு போதும். வட்ட அடிப் பையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு 22 லிட்டர், பதினைந்துக்குப் பதினைந்து 43, பதினெட்டுக்குப் பதினெட்டு 75. மூன்று அங்குலம் கூடினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆவதைக் கவனியுங்கள். எடையும் அப்படித்தான் ஏறும். நனைந்த 43 லிட்டர்ப் பை ஐம்பது கிலோ வரும், மாடி நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் போகிற வரிசையில் வையுங்கள். நாற்றுத் தட்டிலும் காகிதக் கோப்பையிலும் நாள் கடத்தாதீர்கள். தக்காளி 25 நாள், கத்திரி 30 முதல் 35, மிளகாய் 40 நாளுக்குள் இடம் மாறிவிட வேண்டும், கோப்பையிலேயே சுற்ற ஆரம்பித்த வேர் பைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடாது.

எலுமிச்சை ஐப்பசி மழையில் துளிர்விட்டது. மதினியிடம் அந்தக் கறுப்புப் பையில் இன்னும் ஒரு கட்டு பாக்கி இருக்கிறது, மிளகாய்க்கும் பத்தாதே, என்ன செய்ய என்று கேட்டார். பாதியாக மடித்து மல்லி, புதினா போடச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பை வாங்கப் போனபோது, கடைக்காரர் “டொல்வ் இன்ச் அக்கா” என்று எடுத்துப் போட, மதினி கைப்பையிலிருந்து டெய்லர் டேப்பை எடுத்துப் பையின் வாயைச் சுற்றி அளந்திருக்கிறார். சுற்றளவு முப்பத்தெட்டு வந்ததும்தான் காசு கொடுத்தாராம்.